தரையில் வளரும் தெள்ளு

மே மாதம் பள்ளி விடுமுறை விட்டதும் மும்பையின் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பல தமிழ் வீடுகளுக்குப் பூட்டு விழுகிறது. நாகர்கோவில் எக்ஸ்பிரஸிலோ வேறு வண்டியிலோ ஊருக்குப் போகும் குடும்பங்கள் ஜூன் முதல் வாரம்தான் திரும்பும். நாய் வளர்ப்பவர்கள் அதைத் தெரிந்தவர் வீட்டிலோ, பணம் வாங்கிப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்திலோ விட்டுச் செல்வார்கள். மூன்று வாரம் ஆள் நடமாட்டம் இல்லாத வீடு. திரும்பி வந்து கதவைத் திறந்து உள்ளே நடந்த சில நிமிடங்களில் கணுக்காலைச் சுற்றிச் சுருக் சுருக்கென்று கடி. குனிந்து பார்த்தால் பழுப்புப் புள்ளிகள் துள்ளுகின்றன. நாயோ இன்னும் வீடு வந்து சேரவில்லை.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் பக்கத்து வீட்டுப் பூனையைச் சந்தேகிப்பார்கள். எலி புகுந்துவிட்டது என்பார்கள். அந்தத் தெள்ளுகள் வெளியிலிருந்து வரவில்லை. ஊருக்குக் கிளம்பும் முன்பே அவை அந்த வீட்டில்தான் இருந்தன. கட்டிலுக்கு அடியில், சோபா மடிப்பில், நாய் படுக்கும் சாக்கின் ஓரத்தில் கூட்டுப்புழுவாக ஒடுங்கிக் கிடந்தன. காலடி அதிர்வு பட்டதும் கூட்டை விட்டு வெளியேறிவிட்டன.

நாய்க்குத் தெள்ளு பிடித்தால் நாம் நாயைக் குளிப்பாட்டுகிறோம், பவுடர் தூவுகிறோம், கழுத்துப் பட்டை கட்டுகிறோம். பத்து நாளில் மறுபடி சொறிய ஆரம்பித்ததும் மருந்து சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம். ஆனால் ஒரு வீட்டிலுள்ள மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் நாயின் உடம்பில் இருப்பது ஏறத்தாழ 5 விழுக்காடு என்று பூச்சியியலாளர்கள் கணக்கிடுகிறார்கள். மீதி 95 விழுக்காடு முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரையில் இருக்கிறது. நாயை மட்டும் கவனிப்பவர் அந்த ஐந்தோடு மட்டும் போராடுகிறார். இந்தக் கணக்கு மனத்தில் பதிந்தால் தெள்ளை ஒழிப்பது பெரிய வித்தை அல்ல.

தெள்ளா, உண்ணியா?

நம் ஊர் நாய்களின் ரோமத்துக்குள் இருக்கும் எதையும் பொதுவாக 'உண்ணி' என்று சொல்லிவிடுகிறோம். இரண்டுக்கும் மருத்துவம் ஓரளவு ஒன்றுபோல் இருந்தாலும் வாழ்க்கை முறை வேறு. உண்ணி சிலந்தி வகுப்பைச் சேர்ந்தது. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால். காதுமடல், கழுத்து, விரல் இடுக்கு என ஓர் இடத்தில் வாயை ஊன்றி, ரத்தம் குடித்து ஊதிப் பருக்கும். பிறகு கீழே இறங்கிச் சுவர் விரிசலில் முட்டையிடும். தெள்ளு ஆறு கால் கொண்ட பூச்சி. இறக்கை கிடையாது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம். ரோமத்துக்கு நடுவே ஓடிக்கொண்டே இருக்கும். பிடிக்கப் போனால் தாவிவிடும்.

தெள்ளின் உடல் இரு பக்கமும் அழுத்தப்பட்டுத் தட்டையாக இருக்கிறது. உடல் முழுதும் பின்னோக்கிச் சாய்ந்த முட்கள். அதனால் அடர்ந்த ரோமத்தில் முன்னோக்கி வழுக்கிக்கொண்டு ஓடும்; பின்பக்கமாக இழுத்தால் முட்கள் ரோமத்தில் சிக்கி வராது. கையால் பொறுக்குவது பயனற்றுப் போவதற்கு இந்த உடலமைப்பே காரணம். தாவும் சக்தி தசையிலிருந்து நேரடியாக வருவதில்லை. மார்புப் பகுதியில் ரெசிலின் என்ற, ரப்பரைவிட மீள்தன்மை கொண்ட புரதத் திண்டு இருக்கிறது. தெள்ளு அதை அழுத்திப் பூட்டி வைத்து, ஒரே நொடிப்பில் விடுவிக்கிறது. பென்னட்-கிளார்க், லூசி என்ற இரு ஆய்வாளர்கள் 1967-ல் இதை விளக்கினார்கள். அந்த விசை எந்தப் பகுதி வழியாகத் தரையை உதைக்கிறது என்பதில் நீண்ட காலம் கருத்து வேறுபாடு இருந்தது. கால் நுனியும் கெண்டைப் பகுதியுமே தரையைத் தள்ளுகின்றன என்று 2011-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சட்டனும் பர்ரோஸும் அதிவேகப் படப்பதிவால் காட்டினார்கள்.

நாய்க்குத் தெள்ளு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு பேன் சீப்பும் ஒரு வெள்ளைக் காகிதமும் போதும். நாயை வெளிச்சத்தில் நிறுத்தி, வாலின் அடிப்பகுதியிலிருந்து இடுப்புவரை, தோலைத் தொடும்படி சீப்பை ஓட்டுங்கள். பிறகு கழுத்தையும் வயிற்றின் அடிப்பகுதியையும் சீவுங்கள். சீப்பில் வந்ததைக் காகிதத்தில் தட்டினால் முடியோடு கருமணல் மாதிரி துகள்கள் விழும். அவற்றின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். வெறும் அழுக்காக இருந்தால் கறுப்பாகவே கிடக்கும். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் பரவினால் அது தெள்ளின் கழிவு. அதாவது உங்கள் நாயின் ரத்தம். ஒரு தெள்ளுகூடக் கண்ணில் படாவிட்டாலும் இந்தச் சிவப்பே போதுமான சாட்சி. சீப்பில் உயிரோடு வரும் தெள்ளுகளைச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். நகத்தில் நசுக்க வேண்டாம்.

நாய் விதைக்கிறது, தரை வளர்க்கிறது

நாய் மீது இருக்கும் தெள்ளு பெரும்பாலும் நாய்த் தெள்ளு அல்ல. உலகெங்கும் நாய், பூனை இரண்டிலும் மிகுதியாகக் காணப்படுவது பூனைத் தெள்ளு என்ற இனம். இந்தியாவில் அதற்கு நெருங்கிய உறவான இன்னோர் இனமும் நாய்களிடம் பரவலாக இருக்கிறது. எதுவானாலும் வாழ்க்கை ஒரே மாதிரிதான். நாயின் மேல் ஏறிய சில நிமிடங்களில் ரத்தம் குடிக்கத் தொடங்கும். ஒன்றிரண்டு நாளில் பெண் தெள்ளு முட்டையிட ஆரம்பித்து, உச்சக்கட்டத்தில் நாளுக்கு 40 முதல் 50 முட்டை வரை இடும். முட்டை அரை மில்லிமீட்டர், வெள்ளை, வழவழப்பு. ரோமத்தில் ஒட்டாது. நாய் நடக்கும் இடமெல்லாம் உதிரும். படுக்கும் இடத்தில் குவியும்.

ஓரிரு நாளில் முட்டையிலிருந்து கண்ணில்லாத, காலில்லாத வெள்ளைப் புழு வருகிறது. அதனால் ரத்தம் குடிக்க முடியாது. அதற்கு உணவு தாய்த் தெள்ளின் கழிவு. பெண் தெள்ளு தினமும் தன் எடையைப் போல் சுமார் 15 மடங்கு ரத்தத்தை உறிஞ்சுகிறது. தனக்குத் தேவையானது போக, செரிக்காத ரத்தத்தை உலர்ந்த துகளாக வெளியேற்றுகிறது. அந்தத் துகளும் முட்டையோடு சேர்ந்து ஒரே இடத்தில் உதிர்கிறது. பிள்ளைக்கும் பிள்ளையின் சாப்பாட்டுக்கும் தாய் ஒரே நேரத்தில் ஏற்பாடு செய்துவிடுகிறாள். நாம் காகிதத்தில் நனைத்துப் பார்த்த கருந்துகள் இதுதான்.

புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. தரை விரிப்பின் அடி, ஓடுகளின் இடைவெளி, கட்டிலடிச் சாமான்களின் நிழல் என்று இருட்டை நோக்கிப் போகும். ஆனால் அதிக தூரம் போகாது. ஆகவே நாய் எங்கே தூங்குகிறதோ அதைச் சுற்றிய பகுதியே நாற்றங்கால். ஒன்றரை வாரத்துக்குள் புழு தன்னைச் சுற்றி ஒட்டும் தன்மையுள்ள பட்டுக்கூடு நெய்கிறது. தரையிலுள்ள தூசியும் மணலும் முடியும் அதில் ஒட்டிக்கொள்வதால் அது கூடு என்றே தெரியாது. பூச்சிமருந்தும் அந்தக் கூட்டுக்குள் சரியாக ஊடுருவாது.

உள்ளே தெள்ளு முழுதாக உருவான பிறகும் உடனே வெளியே வர வேண்டிய கட்டாயம் இல்லை. வெளியே வந்து ரத்தம் கிடைக்காவிட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் செத்துவிடும். கூட்டுக்குள் இருந்தால் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதனால் காத்திருக்கிறது. தரையின் அதிர்வு, மேலே விழும் அழுத்தம், உடல் சூடு, மூச்சுக் காற்றின் கரியமில வாயு ஆகியவை ஓர் உயிர் பக்கத்தில் வந்திருப்பதை அதற்குச் சொல்லும் அடையாளங்கள். அடையாளம் கிடைத்ததும் வெளியே வந்துவிடும். பூட்டிய வீட்டில் அத்தனை கூடுகளும் ஒன்றுபோலக் காத்திருந்ததால்தான், கதவைத் திறந்ததும் அத்தனையும் ஒரே வேளையில் தாக்குகின்றன.

இந்தச் சுழற்சிக்கு மும்பையைவிட வசதியான நகரம் கிடைப்பது அரிது. தெள்ளுப் புழு வளர 27 முதல் 30 டிகிரி சூடும் 70 விழுக்காட்டுக்கு மேல் காற்றில் ஈரமும் மிகப் பொருத்தம். ஈரம் 50 விழுக்காட்டுக்குக் கீழே போனாலோ, சூடு 35 டிகிரியைத் தாண்டி நீடித்தாலோ புழு காய்ந்து சாகும். டெல்லியின் மே மாத வெயிலில் திறந்த வெளியில் அவை பிழைப்பது கடினம். மும்பையிலோ கடற்காற்றின் ஈரம் ஆண்டு முழுதும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை அது 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். அந்த மாதங்களில் ஜன்னலை அடைத்து, துவைத்த துணியை அறைக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்துகிறோம். முட்டை முதல் தெள்ளு வரை மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடுகிறது.

மாட்டுங்காவை உருவாக்கிய பூச்சி

தெள்ளு எங்கே வாழ்கிறது என்று தெரியாமல் போரிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த நகரம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1896 செப்டம்பரில் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் கொள்ளை நோய் (பிளேக்) தொடங்கியிருப்பதை மருத்துவர் அகாசியோ வியேகஸ் கண்டறிந்தார். கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் 1894-லேயே ஹாங்காங்கில் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அது மனிதனுக்கு எப்படி வருகிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. அழுக்கிலிருந்தும் கெட்ட காற்றிலிருந்தும் வருகிறது என்று நம்பிய அதிகாரிகள் சாக்கடைகளில் கார்பாலிக் அமிலத்தைக் கொட்டினார்கள். வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், நோயாளியின் துணிமணிகளை எரித்தார்கள், வெளிச்சம் புகக் கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் வந்து, வீடு வீடாகச் சோதனை நடந்தது. மக்கள் லட்சக்கணக்கில் நகரத்தை விட்டு ஓடினார்கள். நோயோ ஆண்டுதோறும் திரும்பி வந்தது.

பம்பாயில் நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன், சிலருடைய தோலில் இருந்த சிறு கொப்புளத்தைக் கவனித்தார். அது தெள்ளு கடித்த இடம் என்று ஊகித்தார். 1898 ஜூனில் கராச்சியில், தான் தங்கியிருந்த ஓட்டலிலேயே சோதனை செய்தார். அடியில் மணல் பரப்பிய கண்ணாடிப் பாத்திரத்தில் நோய் கண்ட எலியை விட்டார். அதன் மேல் போதுமான தெள்ளு இருக்க வேண்டும் என்பதற்காக அங்கே திரிந்த பூனை ஒன்றின் மேலிருந்தும் தெள்ளு பிடித்துச் சேர்த்தார். அந்த எலி சாகும் தருவாயில், கம்பிவலைக் கூண்டில் ஆரோக்கியமான எலி ஒன்றைத் தொட முடியாத தூரத்தில் வைத்தார். சில நாளில் அதுவும் கொள்ளை நோயால் இறந்தது. இரண்டு எலிகளுக்கும் இடையே போகக்கூடியது தெள்ளு ஒன்றுதான். ஆனால் அவருடைய முடிவைப் பல ஆண்டுகள் பலரும் ஏற்கவில்லை.

ஏற்க வைத்ததில் மும்பைக்குப் பங்கு உண்டு. தடுப்பூசி கண்ட வால்டெமர் ஹாஃப்கின் 1897 ஜனவரி 10 அன்று தன் உடலிலேயே அதைச் செலுத்திச் சோதித்தார். அவருடைய ஆய்வுக்கூடம் 1899-ல் பரேலிலுள்ள பழைய அரசு மாளிகைக்கு மாறியது. இன்றைய ஹாஃப்கின் நிறுவனம் அதுதான். அங்கே பணியாற்றிய கிளென் லிஸ்டன், 1903 வாக்கில், எலிகள் செத்து விழுந்த வீடுகளில் கினிப்பன்றிகளைத் திரியவிட்டார். பசித்திருந்த தெள்ளுகள் அவற்றின் மேல் ஏறின. திரும்பப் பிடித்துச் சீவியபோது எலித் தெள்ளுகள் கிடைத்தன. கண்ணுக்குத் தெரியாமல் தரையில் இருந்ததை எண்ணிப் பார்க்க ஓர் உயிருள்ள பொறியை அவர் பயன்படுத்தினார். 1905-ல் தொடங்கிய கொள்ளைநோய் ஆய்வுக் குழு இதைப் பெரிய அளவில் விரிவாக்கி, எலியிலிருந்து எலித் தெள்ளு வழியாக மனிதனுக்கு நோய் வருவதை உறுதிசெய்தது.

அந்தக் கொள்ளை நோயின் அதிர்ச்சியில் பிறந்ததுதான் 1898-ன் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட். நெரிசலான பழைய நகரத்தின் ஊடே காற்றோட்டத்துக்காக அகலச் சாலைகளை வெட்டியது. வடக்கே தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் இடைவெளி விட்ட மனைகளும் மர நிழல் சாலைகளும் பூங்காக்களும் கொண்ட புறநகரைத் திட்டமிட்டது. பின்னால் ரயில்வே, அலுவலக வேலைகளுக்கு வந்த தமிழர்கள் குடியேறி, கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிக் கோயிலும் சபாவும் காபிக் கடையுமாகத் தங்கள் மாட்டுங்காவை ஆக்கிக்கொண்டார்கள். வெளிச்சமும் காற்றும் உள்ள வீடு நல்லது என்ற அந்தத் திட்டக்காரர்களின் எண்ணம் தெள்ளு விஷயத்திலும் சரிதான்: இருட்டும் ஈரமும் இல்லாத தரையில் புழு பிழைக்காது.

எவ்வளவு பயப்பட வேண்டும்?

இதைப் படித்துவிட்டு உங்கள் நாயைக் கொள்ளை நோயின் கண்ணோடு பார்க்க வேண்டாம். அந்த நோயின் பேரழிவுக்குக் காரணம் எலித் தெள்ளு. நாய்மேல் இருக்கும் தெள்ளு அந்தக் கிருமியைக் கடத்துவதில் திறமையற்றது. ஆனால் அது வேறு தொல்லைகள் தரும்.

முதலாவது, ஒவ்வாமை. தெள்ளின் உமிழ்நீர் சில நாய்களுக்குக் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளாது. ஓரிரு கடியே போதும்: இடுப்பிலும் வால் அடியிலும் தொடையிலும் கடித்துக் கடித்து முடி உதிர்ந்து, தோல் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். 'எங்கள் நாய்க்குத் தோல் வியாதி' என்று வருடக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருக்கும் பல வீடுகளில் அடிப்படைக் காரணம் இதுவாக இருக்கலாம். இரண்டாவது, நாடாப்புழு. அதன் முட்டையைத் தெள்ளின் புழுப்பருவம் விழுங்குகிறது. அது வளர்ந்து தெள்ளானதும், சொறிந்து நக்கும் நாய் அதை விழுங்குகிறது. நாயின் குடலில் நாடாப்புழு வளர்கிறது. ஆசனவாயைச் சுற்றி அரிசிமணி போல வெள்ளையாக ஒட்டியிருப்பவை அதன் துண்டுகள். தரையில் தவழும் குழந்தை தவறித் தெள்ளை விழுங்கினால் அதற்கும் வரலாம். ஆகவே தெள்ளை ஒழிக்காமல் பூச்சிமாத்திரை மட்டும் கொடுத்தால் புழு திரும்பி வரும். மூன்றாவது, குட்டிகளுக்கு ரத்தசோகை. சில வார வயதுக் குட்டியின் ஈறு வெளுத்திருந்து, அது சோர்ந்து படுத்தே கிடந்தால் அன்றே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். தெள்ளுகளால் குட்டி இறந்தும் போகலாம்.

நாய்க்கு என்ன செய்வது?

குளிப்பாட்டுவது அன்றைய தெள்ளுகளில் ஒரு பகுதியைக் கழுவிவிடும். நாளை தரையிலிருந்து ஏறுவதைத் தடுக்காது. வாரக்கணக்கில் நீடிக்கும் மருந்து வேண்டும். முதுகுத் தோள்பட்டைகளுக்கு நடுவே முடியை விலக்கித் தோலில் சொட்டுவது ஒரு வகை: ஃபிப்ரோனில், இமிடாக்ளோப்ரிட், செலமெக்டின் போன்றவை. சொட்டுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டாமல் இருப்பது நல்லது. மழைக்காலத்தில் இதைக் கவனிக்க வேண்டும். இன்னொரு வகை வாய்வழி மாத்திரை: அஃபாக்சோலானர், சரோலானர் மாதம் ஒருமுறை, ஃப்ளூராலானர் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இவை உண்ணியையும் கொல்லும். வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய்களுக்கு இந்த மாத்திரைகளைக் கொடுப்பதில் கவனம் வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். எடைக்கு ஏற்ற அளவு முக்கியம். பெரிய நாயின் மருந்தைப் பாதியாக்கிச் சின்ன நாய்க்குப் போடாதீர்கள். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்குப் பெரும்பாலான மருந்துகள் ஆகாது. அவற்றுக்குச் சீப்பும் சோப்புத் தண்ணீருமே பாதுகாப்பு.

இந்த மருந்துகளின் பலம், ஏறிய தெள்ளு முட்டையிடும் முன் அதைக் கொன்றுவிடுவது. அதனால் மருந்து போட்ட நாயை வீட்டை விட்டுத் தள்ளி வைக்க வேண்டாம். அது வழக்கமான இடங்களில் நடமாடட்டும். கூட்டிலிருந்து வெளிவரும் பசித்த தெள்ளுகள் அதன் மேல் ஏறிச் சாகும். லிஸ்டனின் கினிப்பன்றி செய்த வேலையை இன்று உங்கள் நாய், பாதுகாப்பாக, செய்துவிடுகிறது. வீட்டில் இரண்டு நாய் இருந்தால் இரண்டுக்கும், பூனை இருந்தால் அதற்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். ஒன்றை விட்டால் அந்த ஒன்று முட்டை உதிர்த்துக்கொண்டே இருக்கும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. நாய்களுக்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டால் வலிப்பு வந்து இறக்கலாம். மண்ணெண்ணெய், ஃபினைல், அந்துருண்டை, ஆடுமாடுகளுக்கான பூச்சிமருந்து ஆகியவற்றை நாயின் உடம்பில் தேய்ப்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். தோல் வெந்து, நக்கும்போது விஷம் உள்ளே போய் நாய் துடிக்கிறது. சாப்பாட்டில் பூண்டு கலப்பது தெள்ளை விரட்டாது; நாயின் ரத்தச் சிவப்பணுக்களைத்தான் சிதைக்கும்.

தரைக்கு என்ன செய்வது?

முதலில் நாய் படுக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயிருக்கும் சாக்கு, போர்வை, உறை எல்லாவற்றையும் 60 டிகிரி வெந்நீரில் வாரம் ஒருமுறை துவைக்க வேண்டும். எடுத்துப் போகும்போது உதறாமல், சுருட்டிப் பையில் போட்டுத் தூக்குங்கள். உதறினால் முட்டை அறை முழுதும் பரவும். மழை மாதத்தில் வெயில் கிடைக்காது. உலர்ந்ததும் நல்ல சூட்டில் இஸ்திரி போட்டுவிடுங்கள். அந்தச் சூட்டில் முட்டையும் புழுவும் பிழைக்காது. பழைய கந்தலாக இருந்தால் தூக்கி எறிவதே மேல்.

மாட்டுங்காவின் பழைய மாடி வீடுகளில் மொசைக் தரையின் இடுக்கும் மரச் சாமான்களின் அடியும் முக்கியம். செம்பூர் அடுக்ககங்களில் சோபாவும் தரைவிரிப்பும். தாராவியின் ஒற்றை அறை வீடுகளில் இரவில் பாய் விரித்து எல்லோரும் படுக்கும் அதே இடத்தில் நாயும் படுக்கலாம். கட்டிலடியும் பரணும் சாமான்களால் நிறைந்திருக்கும். வேக்குவம் கிளீனர் இருந்தால் தினமும் போடுங்கள். அதன் உறிஞ்சல் முட்டைகளையும் புழுவின் உணவையும் எடுத்துவிடும். அதிர்வு கூடுகளிலிருந்து தெள்ளுகளை எழுப்பி, மருந்து போட்ட நாயிடம் அனுப்பும். பையை உடனே கட்டி வெளியே போட்டுவிடுங்கள். இயந்திரம் இல்லாத வீட்டில் சாமான்களை நகர்த்திப் பெருக்கி, குப்பையைச் சோப்புத் தண்ணீரில் கொட்டினால் அதே பலனில் பெரும்பகுதி கிடைக்கும். ஈரத்துணியால் துடைத்தபின் மின்விசிறியைப் போட்டுத் தரையை உலர விடுங்கள்.

தொல்லை மிகுதியாக இருந்தால் தரைக்கும் மருந்து வேண்டியிருக்கும். பூச்சிமருந்தோடு மெத்தோப்ரீன் அல்லது பைரிப்ராக்ஸிஃபென் கலந்திருக்கிறதா என்று மருந்தடிக்க வருபவரிடம் கேளுங்கள். இவை பூச்சியின் இளமை ஹார்மோனைப் போல நடித்து, முட்டை பொரியாமலும் புழு வளர்ந்து முதிராமலும் தடுப்பவை. அடிக்கும்போது குழந்தைகளும் பிராணிகளும் வெளியே இருக்கட்டும். மீன் தொட்டியை இறுக்கி மூடிக் காற்றுக் குழாயை நிறுத்துங்கள். பைரெத்ராய்டு வகை மருந்து மீனுக்கு எமன்.

எல்லாம் செய்த பிறகும் இரண்டு, மூன்று வாரத்தில் புதுத் தெள்ளுகளைப் பார்ப்பீர்கள். பெரும்பாலானவர்கள் மனம் விட்டுப்போகும் கட்டம் இதுதான். மருந்து தோற்றுவிடவில்லை, எந்த மருந்தும் எட்டாத கூடுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருக்கின்றன. குறைகிறதா என்று அளந்து பார்க்க ஒரு வழி உண்டு. இரவில் தரையில் ஓர் அகலத் தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, அதற்கு நேர் மேலே சின்ன விளக்கு எரிய விடுங்கள். வெளிச்சத்தை நோக்கித் தாவும் தெள்ளுகள் தட்டில் விழும். வாரம் ஒருமுறை எண்ணி எழுதி வாருங்கள். இது ஒழிக்கும் கருவி அல்ல, நிலைமை காட்டும் கருவி. எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

வாசலுக்கு வெளியே

2014-ல் மும்பை மாநகராட்சி எடுத்த கணக்கில் தெருநாய்கள் சுமார் 95 ஆயிரம். செம்பூர் குடியிருப்புகளில் காவலாளியோடு இரவு விழித்திருக்கும் நாய், கார் நிறுத்துமிடத்தின் நிழலில் பகலில் தூங்குகிறது. அந்த நிழல் மண் வெயில் படாத ஈர மண். தாராவிச் சந்தில் நாலு வீடு சோறு போடும் நாய் நாலு வாசலிலும் படுக்கிறது. ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தெள்ளு நேராகத் தாவுவது குறைவு. படுத்த இடத்தில் உதிர்ந்த முட்டை தெள்ளாகி அடுத்த நாயைப் பிடிப்பதே அதிகம். ஆகவே அந்த நாயை அடித்து விரட்டினால் முட்டை இன்னொரு வாசலில் விழும், அவ்வளவுதான். கட்டடத்திலுள்ளவர்கள் சேர்ந்து அதற்கும் மருந்துக்குப் பணம் போட்டால், செலவு ஆளுக்குச் சொற்பம். பலன் எல்லோருடைய தரைக்கும். பரேலில் பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனையும், 1886-ல் தொடங்கிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. தனியார் மருத்துவரிடம் போக முடியாதவர்கள் அங்கே ஆலோசனை கேட்கலாம்.

தெள்ளுகளில் பாதியை மருந்து கொல்லும். மீதியைப் பொறுமைதான் கொல்லும். நாய்க்கு மருத்துவர் சொன்ன மருந்தை மாதம் தவறாமல், மும்பை மாதிரி ஈரமான ஊரில் ஆண்டு முழுதுமே கொடுங்கள். படுக்கையைத் துவைத்து, தரையை உலர்வாகவும் வெளிச்சமாகவும் வைத்திருங்கள். கடைசித் தெள்ளைப் பார்த்த பிறகும் மூன்று மாதம் இதில் எதையும் நிறுத்தாதீர்கள். சொறிவதைத் தவிர வேறு மொழியில் தன் வேதனையைச் சொல்லத் தெரியாத உயிர் அது. அது சொறிய ஆரம்பித்தால் அதைத் திட்டாமல், முதலில் அது படுக்கும் இடத்தைப் பாருங்கள்.